கைதுக்கு முதல் பக்கம், விடுதலைக்கு எந்தப் பக்கம்? பெங்களூரில் செய்தித்தாள் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூர்ப் பதிப்பு வெளியிடும் தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும், இந்த நகரத்தின் செய்தித் தொலைக்காட்சிகளை நடத்துவோருக்கும் வணக்கம்.

நான் அல்சூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவன். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, தமிழ்ச் சங்கத்தில் உட்கார்ந்து தமிழ் இதழ்களையும் கன்னட இதழ்களையும் அருகருகே வைத்துப் படிப்பது பல வருட வழக்கம். ஆகவே உங்கள் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வாசகனுக்குத் தெரிந்தது மட்டுமே. ஆயினும் ஒரே நகரத்தில், ஒரே சட்டத்தின் கீழ், குற்றம் சாட்டப்பட்ட இருவரைப் பற்றி எழுதும்போது உங்கள் பேனா ஏன் இரண்டு விதமாக நடக்கிறது என்ற கேள்வியை நான் நீண்ட நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் உதவியாளாக இருந்த இளைஞன் ஒருவன், 2019-ஆம் ஆண்டு, செல்போன் பறிப்பு வழக்கொன்றில் வேறு நால்வருடன் கைது செய்யப்பட்டான். போலீசார் செய்தியாளர்களை அழைத்து, மீட்ட போன்களை மேஜைமேல் வரிசையாக அடுக்கி, அவற்றுக்குப் பின்னால் ஐவரையும் நிற்க வைத்தார்கள். மறுநாள் ஒரு நாளிதழில் அவன் படம், பெயர், வயது, தெருவின் பெயர் எல்லாம் வந்தன. தலைப்பில் 'தமிழகத்தைச் சேர்ந்த கும்பல்' என்று இருந்தது. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வேலை தேடி இங்கே வந்தவர் அவனுடைய தாத்தா. அவனோ பெங்களூரில் பிறந்து, அரசுப் பள்ளியில் கன்னடம் படித்து வளர்ந்தவன். நான்கு மாதம் கழித்து ஜாமீன் கிடைத்தது. 2022-இல், அவனை அடையாளம் காட்ட எவரும் இல்லை, பறிமுதல் நடந்ததையும் அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று சொல்லி மாஜிஸ்திரேட் அவனை விடுதலை செய்தார். தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு அவன் தாயாரும் நானும் அந்த நாளிதழின் அலுவலகத்துக்குப் போனோம். முன்னறையில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், "இதெல்லாம் நியூஸ் ஆகாதுங்கம்மா" என்று நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா கேட்டார்: "அன்னைக்கு மட்டும் எப்படி தம்பி நியூஸ் ஆச்சு?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும் என்று நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த இளைஞன் விடுதலைக்காகக் காத்திருந்த அதே ஆண்டுகளில், இதே நகரத்தின் உரிமையியல் நீதிமன்றத்தில் வேறொரு வகை மனுக்கள் வந்துகொண்டிருந்தன. 2021 மார்ச் தொடக்கத்தில் கர்நாடக நீர்வளத் துறை அமைச்சர் ரமேஷ் ஜார்கிஹோளி பற்றிய பாலியல் ஒளிப்பதிவு ஒளிபரப்பாகி அவர் பதவி விலகிய சில நாள்களுக்குள், அதே அமைச்சரவையின் ஆறு அமைச்சர்கள் நீதிமன்றம் சென்று, தங்களைப் பற்றி அவதூறாக எதையும் வெளியிடக் கூடாது என்று 68 ஊடகங்களுக்கு எதிராக இடைக்காலத் தடை வாங்கினார்கள். அவர்களைப் பற்றி அதுவரை எதுவும் வெளிவந்திருக்கவில்லை. வரக்கூடும் என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. 2023 ஜூனில், அப்போது ஹாசன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிரஜ்வல் ரேவண்ணா இதே வழியில் 86 ஊடக நிறுவனங்களுக்கு எதிராகத் தடை பெற்றார். எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே அளிக்கப்படும் இத்தகைய ஆணைகள் பெயரளவில் தற்காலிகமானவை. அடுத்த விசாரணைத் தேதி வரும்வரை என்று தொடங்கி, ஆட்சேபிக்க எவரும் வராவிட்டால் மாதக்கணக்கில் நீளக்கூடியவை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரல் 26 அன்று ஹாசனில் வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய நாள்களில், பெண்களின் ஒளிப்பதிவுகள் அடங்கிய பென் டிரைவ்கள் அந்த மாவட்டத்தில் கைக்குக் கை மாறின. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயருக்கு நீதிமன்ற ஆணையின் காப்பு இருந்தது. அந்தப் பெண்களின் முகங்களுக்கு எந்தக் காப்பும் இருக்கவில்லை. வாக்குப்பதிவு முடிந்த கையோடு பிரஜ்வல் ஜெர்மனி சென்றார். மே 31 அன்று திரும்பியபோது பெங்களூர் விமான நிலையத்தில் கைதானார். வீட்டுப் பணிப்பெண் ஒருவர் கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் மீதான வழக்கில், மக்கள் பிரதிநிதிகளுக்கான சிறப்பு நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 1 அன்று அவரைக் குற்றவாளி என அறிவித்து, மறுநாள் ஆயுள் தண்டனை விதித்தது. கைதிலிருந்து தீர்ப்புவரை பதினான்கு மாதங்கள். முயன்றால் நம் நீதிமன்றங்கள் இவ்வளவு விரைவாகவும் நடக்கும் என்று அந்த வழக்கு காட்டியது. அதற்காக அந்தப் புகாரைக் கொடுத்து உறுதியாக நின்ற பெண்ணுக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது.

86 நிறுவனங்களுக்கும் எழுத வழி திறந்திருந்தால் வேறு என்ன நடந்திருக்கும் என்று என்னால் அறுதியிட முடியாது. ஆனால் தடை விதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் அதை நீக்கக் கோரி மனுச் செய்தீர்கள் என்று கேட்க வாசகனுக்கு உரிமை உண்டு. உங்களுக்குச் செய்தி எழுத முடியாதபடி ஒருவர் ஆணை பெற்றிருக்கிறார் என்பதே ஒரு செய்தி அல்லவா? 'இன்னார் எங்கள் மீது இன்ன தேதியில் தடை பெற்றுள்ளார், அதன் அடுத்த விசாரணை இன்ன தேதியில்' என்று இரண்டு வரி எழுதுவதைப் பெரும்பாலும் எந்த ஆணையும் தடுப்பதில்லை. 2024 மார்ச் 22 அன்று, புளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கும் ஜீ தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், வெளியான கட்டுரைகளுக்கு எதிராக விசாரணை முடியும் முன்பே இயந்திரத்தனமாகத் தடை வழங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போய் வாங்கிக் கொடுத்த அந்த வாசகத்தை, இங்கே சிறிய இதழ்களும் கையிலெடுக்கலாம்.

எங்கள் தெரு இளைஞனிடம் அப்படியொரு ஆணை வாங்க வக்கீல் இல்லை. அவன் படம் வெளியாகும் என்று முதல்நாள் இரவே அவனுக்குத் தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆசிரியர்களே, இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் கைக்குள் இருக்கும் விஷயம். தமிழில் ஒரு வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே மரியாதை உட்கார்ந்திருக்கிறது. கோடிக்கணக்கில் கையாடியதாகச் சொல்லப்படுபவர் உங்கள் இதழில் 'கைது செய்யப்பட்டார்'. மூவாயிரம் ரூபாய் போனைப் பறித்ததாகச் சொல்லப்படுபவன் 'சிக்கினான்'. முன்னவர் செய்ததாகக் கூறப்படுவது 'முறைகேடு', இன்னும் மென்மையாக 'விவகாரம்'. பின்னவன் செய்ததாகக் கூறப்படுவது 'கைவரிசை'. முன்னவருக்கு 'ஆதரவாளர்கள்' இருக்கிறார்கள், பின்னவனுக்குக் 'கும்பல்' இருக்கிறது. முன்னவர் சிறை வாசலில் நெஞ்சுவலி என்று சொன்னால் அது தனிச் செய்தியாகிறது. பின்னவனைக் காவல் நிலையத்தில் அடித்தார்களா என்று கேட்பவர் இல்லை. கன்னட இதழ்களிலும் இதைப் பார்க்கிறேன்: எதிர்க் கட்சிக்காரர் செய்தால் 'ஹகரண' (ஊழல்), வேண்டியவர் செய்தால் வெறும் 'ஆரோப' (குற்றச்சாட்டு). தொழிற்சாலையில் நாங்கள் ஒரு உருளையை அளக்கும்போது, முதலாளி வீட்டு வேலைக்கு ஒரு அளவுகோல், அரசு ஆர்டருக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் அன்றே சீட்டுக் கிழிந்துவிடும். இந்த மடலை எழுதும்போது நானே மேலே அந்த இளைஞனைக் 'கைது செய்யப்பட்டான்' என்றும், பெயருள்ளவரைக் 'கைதானார்' என்றும் எழுதியிருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். திருத்தாமல் விட்டிருக்கிறேன். உங்கள் பக்கங்களைப் படித்துப் படித்து என் கையும் அப்படிப் பழகிவிட்டது. இனி அவரை அவர் என்றே எழுதுகிறேன்.

பெரியவர்களைப் பற்றி அதிகம் எழுதாதீர்கள் என்று நான் சொல்வதாக எவரும் நினைக்க வேண்டாம். பொதுப்பணத்தைக் கையாள்பவரைப் பற்றி அதிகம் எழுதத்தான் வேண்டும். நான் கேட்பது, எழுதத் தொடங்கியதை எல்லாருக்கும் ஒரே மாதிரி முடிவுவரை எழுத வேண்டும் என்பதே. 2023 மார்ச் 2 அன்று, சன்னகிரி சட்டமன்ற உறுப்பினர் மாடாள் விருபாக்ஷப்பாவின் மகன் நாற்பது லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக லோக் ஆயுக்தா போலீசாரிடம் பிடிபட்டபோதும், வீட்டில் கட்டுக்கட்டாகப் பணம் எடுக்கப்பட்டபோதும் எல்லாத் தொலைக்காட்சிகளும் அதைத்தான் காட்டின. அதே வாரத்தில் உறுப்பினருக்கு இடைக்கால முன்ஜாமீன் கிடைத்தது, ஊருக்குத் திரும்பியவர் ஊர்வலமாக அழைத்துச் செல்லப்பட்டார், ஊடகங்களுக்கு எதிராக அவரும் தடை வாங்கினார். சாதாரண மனிதரின் முன்ஜாமீன் மனு பட்டியலுக்கு வரவே பல நாளாகும்போது இது மட்டும் எப்படி ஒரே நாளில் வந்தது என்று பெங்களூர் வழக்கறிஞர் சங்கம் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதியது. மாதக் கடைசியில் முன்ஜாமீன் மறுக்கப்பட்டுக் கைதானார். இதுவரை பெரும்பாலோருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு டிசம்பரில் தந்தைக்கு எதிரான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்பது எத்தனை வாசகருக்குத் தெரியும்? எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ரத்து சரியா தவறா என்பது வேறு. தொடக்கத்தை இவ்வளவு பெரிதாகக் கேட்ட மக்கள், அது ஏன் அப்படி முடிந்தது, புலன் விசாரணை எங்கே குறைந்தது என்பதைக் கேட்க வேண்டாமா? தந்தைக்கும் அது அநீதி, மக்களுக்கும் அது அநீதி.

கட்சிகளின் இரட்டை நாக்கைப் பற்றி எழுத ஒரு மடல் போதாது. இரண்டு மரணங்களை மட்டும் சொல்கிறேன். 2022 ஏப்ரலில் ஒப்பந்ததாரர் ஒருவர் பா.ஜ.க. அமைச்சர் ஈஸ்வரப்பா மீது கமிஷன் குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டு உடுப்பியில் இறந்து கிடந்தார். அமைச்சர் சில நாளில் பதவி விலகினார்; அவருடைய கட்சியே ஆண்டுகொண்டிருந்த மாநிலத்தின் போலீஸ் ஜூலையில் ஆதாரம் இல்லை என்று, வழக்கை முடித்துவைக்கக் கோரும் 'பி ரிப்போர்ட்' போட்டது. 2024 மே மாதம், வால்மீகி பழங்குடியினர் வளர்ச்சிக் கழகத்தின் அலுவலர் ஒருவர் கழகப் பணம் முறையின்றி மாற்றப்பட்டதாக எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டார். பேச்சு அடிபட்ட தொகை 187 கோடி ரூபாய், அதுவும் பழங்குடி மக்களுக்கான பணம். காங்கிரஸ் அமைச்சர் நாகேந்திரா ஜூனில் விலகினார். மாநில அரசின் சிறப்புப் புலனாய்வுக் குழு தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. மத்திய அரசின் கீழுள்ள அமலாக்கத் துறையோ அவரையே சூத்திரதாரி என்றது. ஒரே பணம், ஒரே வங்கிக் கணக்கு, இரண்டு விசாரணைகள், இரண்டு விடைகள். 2022-இல் ஒரு கட்சி பேசிய பேச்சை 2024-இல் மற்றக் கட்சி வார்த்தை மாறாமல் பேசியது. சில தொலைக்காட்சிகளும் அப்படியே இடம் மாறி உட்கார்ந்தன. இறந்த இருவரின் வீட்டார் மட்டும் இடம் மாறவில்லை. அவர்களிடம் இன்று யாராவது மைக்கை நீட்டுகிறார்களா?

தமிழ் இதழ்களின் ஆசிரியர்களிடம் தனியாகவும் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீட்டிலும் இந்தக் கோணல் இருக்கிறது. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு 2003-இல் தமிழ்நாட்டிலிருந்து இந்த நகரத்துக்கு மாற்றப்பட்டது. 2014 செப்டம்பர் 27 அன்று பரப்பன அக்ரஹாரத்தில் கூடிய சிறப்பு நீதிமன்றத்தில் நான்கு ஆண்டுச் சிறையும் நூறு கோடி அபராதமும். 2015 மே 11 அன்று உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் முதல் தீர்ப்பு மீண்டும் நிலைநிறுத்தம். அதற்குள், வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாவதாகச் சேர்க்கப்பட்டிருந்த ஜெயலலிதா காலமாகிவிட்டார். இந்த மூன்று தீர்ப்புகளையும் நான் தமிழ்ச் சங்கத்தில் உட்கார்ந்து பல இதழ்களில் படித்தேன். முதலாவதைக் கொண்டாடிய இதழ் இரண்டாவதைச் சந்தேகித்தது. இரண்டாவதைக் கொண்டாடிய இதழ் மூன்றாவதை உள்பக்கத்தில் வைத்தது. விடுதலைத் தீர்ப்பில் கடன் தொகைகளைக் கூட்டியதில் பிழை இருப்பதாக அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆச்சார்யா சுட்டிக்காட்டினார். தீர்ப்பில் 24 கோடி என்றிருந்தது, அதே தீர்ப்பின் பட்டியலைக் கூட்டினால் 10 கோடி சொச்சம்தான் வந்தது. அந்தப் பட்டியலை அப்படியே அச்சிட்டு, 'நீங்களே கூட்டிப் பாருங்கள்' என்று வாசகர் கையில் கொடுப்பதைவிடப் பெரிய பத்திரிகைச் சேவை அன்றைக்கு இருந்திருக்க முடியாது. நான் தேடிய இதழ்களில் எனக்கு அது கிடைக்கவில்லை.

மறுபக்கமும் அப்படித்தான். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 2010-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்னது ஒரு தொகை இல்லை. கணக்கிடும் முறையைப் பொறுத்து 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடிவரை பல உத்தேச மதிப்பீடுகள். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் வந்த தொகை 30,984 கோடி. ஒரு சாரார் ஆகப் பெரிய எண்ணை மட்டும், 'உத்தேசம்' என்ற சொல்லை உதிர்த்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் அச்சிட்டார்கள். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ஆ. ராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்ததும், இன்னொரு சாரார் வழக்கே முடிந்துவிட்டதுபோல் எழுதினார்கள். சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றிருக்கிறது. இரு தரப்பு இதழ்களையும் படிக்காத ஒரு தமிழருக்கு, இந்த வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரிய வாய்ப்பில்லை. நம் அபிமானத் தலைவருக்கு வந்தால் பழிவாங்கல், எதிராளிக்கு வந்தால் நியாயம் என்று வாசகர்களாகிய நாங்களும் பழகிவிட்டோம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு தினமும் காலையில் தீனி போட்டது யார் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

உங்கள் சங்கடங்கள் எனக்குக் கொஞ்சம் தெரியும். நீதிமன்றச் செய்தியாளர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. அரசு விளம்பரம் நின்றால் மாதச் சம்பளம் நிற்கும். ஒவ்வொரு அவதூறு வழக்குக்கும் வக்கீல் வைக்கப் பணம் வேண்டும். இதையெல்லாம் வைத்துக்கொண்டும் செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன். கைதுச் செய்தி ஒன்றை வெளியிடும்போது, அது அமைச்சருடையதானாலும் மெக்கானிக் கடைப் பையனுடையதானாலும், குற்ற எண்ணோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வழக்கு நிலவரம் இப்போது நீதிமன்ற இணையதளத்திலேயே கிடைக்கிறது. மாதம் ஒருநாள் ஒரு பயிற்சிச் செய்தியாளர் உட்கார்ந்தால் பார்த்துவிடலாம். தீர்ப்பு வந்தால், கைது எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் எளியவர் படத்தையும் தெருவையும் போடாதீர்கள். போலீஸ் மேஜைக்குப் பின்னால் நிறுத்திவைக்கப்பட்டவர் அந்தப் படத்துக்குச் சம்மதம் சொன்னவரில்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள் என்பது அரசின் குற்ற ஆவணக் காப்பகமே வெளியிடும் கணக்கு. அவர்கள் ஒவ்வொருவரின் கைதும் யாரோ ஒருவருக்கு இறுதித் தீர்ப்பாகத் தெரிந்திருக்கும். வினைமுற்றில் எல்லாருக்கும் 'ஆர்' போடுங்கள், அல்லது எல்லாருக்கும் 'ஆன்' போடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

கன்னட ஆசிரியர்களுக்கு இந்த மடலின் கன்னட வடிவத்தை என் மகள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த வாரத்துக்குள் தபாலில் சேர்த்துவிடுவேன்.

எங்கள் தெரு இளைஞர் இப்போது ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை பார்க்கிறார். புதிய இடத்தில் சேரும்போதெல்லாம் பெயரைத் தேடிப் பார்க்கிறார்கள் என்றும், 2019-இன் அந்தப் படம் முதலில் வந்து நிற்கிறது என்றும் சொல்கிறார். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகல், பதினோரு பக்கம், என் பீரோவில் இருக்கிறது. உங்களில் எவரேனும் அதை வெளியிட மூன்று அங்குல இடம் ஒதுக்குவதாகச் சொன்னால், எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். அவர் தாயாரையும் அழைத்துக்கொண்டு நான் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகன் ஒருவன்